ஐந்து புள்ளி ஒன்று

ஒரேகான் மாநிலத்தில் எனக்கொரு முகவரி இருக்கிறது.
போனதில்லை.
ஒரு பெட்டிக்காக வாடகைக்கு எடுத்தது.
அங்கே விற்பனை வரி கிடையாதாம்.
பதினேழு கிலோ ரிசீவர் அங்கு நான்கு இரவு தங்கி
என் பெயரையும் அதிலொரு எழுத்துப்பிழையையும் ஒட்டிக்கொண்டு
சாங்கிக்குக் கிளம்பியது.

சிம் லிம் கடைக்காரர் சொன்ன விலையை
நாட்காட்டி ஓரத்தில் குறித்திருந்தாள் கயல்செல்வி.
அதன்கீழ் அமெரிக்க விலை,
விமானக் கூலி,
இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது விழுக்காடு வரி,
டிரான்ஸ்பார்மர்.
கோடு போட்டுக் கழித்தாள்.
"முப்பத்தொரு வெள்ளி லாபம். உத்தரவாதம் எங்கே?"
ஒரேகானில், என்றேன்.

நூற்றிருபது வோல்ட் குடித்து வளர்ந்த பிள்ளை அது.
எங்கள் சுவரில் வருவது இருநூற்று முப்பது.
நொடிக்கு அறுபது துடிப்பில் பிறந்தது
இயூ டீயில் ஐம்பதோடு ஒத்துப்போக வேண்டும்.
நடுவில் டிரான்ஸ்பார்மர்,
சோபாவுக்குப் பின்னால், முனகிக்கொண்டு.
லிஃப்ட் மோட்டார்களோடு பிழைப்பவன் நான்,
எனக்கு அது சத்தமே இல்லை.
கயல் அதன்மேல் துண்டு போட்டு மூடினாள்.
தீப்பிடிக்கும் என்று எடுத்தேன்.
மறுபடி மூடினாள். மறுபடி எடுத்தேன்.

பெட்டியில் ஒரு மைக்கும் வந்திருந்தது, கொட்டைப்பாக்கு அளவு.
காது இருக்கும் இடத்தில் அதை வைத்து
மூன்று நிமிடம் அமைதி கொடு,
உன் வீட்டை நான் அளந்துகொள்கிறேன் என்றது கருவி.

மூன்று நிமிடம்.
மேல்வீட்டு ஹஸ்னா சம்பல் இடித்தார்.
'சத்தம் அதிகம்' என்று திரையில் எழுதியது.
ரயில் போனது. சத்தம் அதிகம்.
கீழ்த்தளத்தில் கல்யாணம், கொம்பாங் முழங்கி
மாப்பிள்ளை வந்து இறங்கினார்.
எழுதக்கூட இல்லை, தானே அணைந்துகொண்டது.
பிறகு என் கைபேசி:
புக்கிட் பாஞ்சாங்கில் லிஃப்ட் நின்றுவிட்டது,
உள்ளே ஓர் ஆள், ஒரு சைக்கிள், ஒரு பூனை.

திரும்பி வரும்போது விடியற்காலை மூன்று.
மின்விசிறியை நிறுத்தினேன்.
மீன்தொட்டி மோட்டாரை, பிறகு குளிர்பெட்டியை.
கயலை எழுப்பவில்லை, அவளே வந்தாள்.
பின்னாலேயே மாறன், போர்வையோடு.
மைக்கை மறைக்காமல் மூவரும் தரையில் அமர்ந்தோம்.
ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கூவிப் பார்த்தது,
அடிவயிற்றில் தொடங்கி
வௌவாலுக்கு மட்டுமே கேட்கும் உயரம்வரை.
மாறன் எச்சில்கூட விழுங்கவில்லை.
கயலுக்கு மூச்சு விடும்போது
மூக்கில் ஒரு சின்ன விசில் உண்டென்று
பன்னிரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

இடது: இரண்டு புள்ளி மூன்று மீட்டர்.
வலது: இரண்டு புள்ளி நான்கு.
சப்வூஃபர்: ஐந்து புள்ளி ஒன்று.

எங்கள் கூடமே நாலு மீட்டர்தான்.
"அப்படின்னா அது குவெக் வீட்டுலயா இருக்கு?"
மாறன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
உள்ளே ஏற்படும் தாமதத்தையும் தூரமாகவே எண்ணும்,
திருத்த வேண்டாம் என்றிருந்தது கையேட்டில்.
திருத்தவில்லை.

குளிர்பெட்டியைச் செருக மறந்திருந்தோம்.
பால் திரிந்து, கோழியும் போயிற்று.
கயல் நாட்காட்டிக்குப் போனாள்.
பதினான்கு வெள்ளி லாபம்.

மறுநாள் இரவு முதல் படம், அதில் ஒரு கப்பல் மூழ்கியது.
காலையில் திருமதி குவெக் கதவைத் தட்டினார்.
மன்னிப்பை நான் தயாராக வைத்திருந்தேன்.
"எனக்கு ஒன்றும் கேட்கவில்லை," என்றார்.
"அவருக்குத்தான் காது போய் ஆறு வருடம்.
நேற்று எழுந்து உட்கார்ந்து
லாரி வந்துவிட்டதா என்று கேட்டார்.
முன்பு காய்கறி லாரி ஓட்டியவர்."

வந்து சப்வூஃபரை நான்கு டெசிபல் குறைத்தேன்.
பிறகு ஒன்று கூட்டினேன்.